பாத்துக்கலாம் சொன்ன விலை

அவருக்கும் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மின்கட்டண ரசீதில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஃபேன், இஸ்திரிப் பெட்டி என்று எது படுத்துக்கொண்டாலும் தெருவில் அவருக்குப் பெயர் பாத்துக்கலாம். முகத்துக்கு நேரே "மெக்கானிக் சார்", முதுகு திரும்பினால் "பாத்துக்கலாம் போறார் பாரு". அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடப்பதில் அவர் கெட்டிக்காரர்.

பெயர் வந்த கதை சுலபமானது. கெட்டுப்போன மெஷின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்காருவார். டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். இரண்டு தட்டு தட்டி, "ம்ம்" என்பார். வீட்டுக்காரர்களுக்கு அந்த "ம்ம்"மிலேயே பாதி உயிர் போய்விடும்.

"எவ்வளவு சார் ஆகும்?"

"பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"ஒரு உத்தேசமா?"

"உத்தேசமா சொன்னா நாளைக்கு நீங்களே சண்டைக்கு வருவீங்க. வேலை முடியட்டும், பாத்துக்கலாம்."

ஆள் காசுக்குப் பறக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை முடிந்து கூலி சொல்ல வேண்டிய நேரத்தில் அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கூரையைப் பார்ப்பார், திருப்புளியைத் துடைப்பார், கடைசியில் "குடுக்கறதைக் குடுங்க" என்று வாசலைப் பார்த்துச் சொல்வார். கொடுத்தவருக்குக் கூடக் கொடுத்துவிட்டோமோ என்று சந்தேகம், வாங்கியவருக்குக் குறைய வாங்கிவிட்டோமோ என்று சந்தேகம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள், இரண்டு பேர் வயிறும் எரியும்.

ஆரம்பத்தில் அவரும் எல்லாரையும் போல விலை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். கல்யாணமான புதிதில் சலூன்காரர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு தொகையைச் சிங்கம் மாதிரி சொல்லிவிட்டுப் பிரித்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கம்ப்ரஸர் செத்திருந்தது, குழாய் ஓட்டையாகியிருந்தது, ஒயரை எலி தின்றிருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கைக்காசைப் போட்டு முடித்துக்கொடுத்தார். அந்த மாதம் முழுக்க வீட்டில் ரொட்டியும் தேநீரும்தான். சலூன்காரர் நெகிழ்ந்துபோய், ஆயுள் முழுக்க இலவசமாக முடி வெட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அடுத்த வருஷமே இவருக்கு வழுக்கை விழுந்துவிட்டது.

அன்றைக்கு வாயைப் பூட்டியவர்தான். வாயால் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அப்புறம் மெஷின் நம்மைப் பிரித்துப் பார்க்கும் என்பது அவர் சித்தாந்தம். தொழிலில் தொற்றிய வியாதி வீட்டுக்கும் வந்தது. எப்போது சாப்பிட வருவீர்கள் என்றால் வேலையைப் பொறுத்தது. மகள் பாப்பாவின் பள்ளிக்கூட விழாவுக்கு வருவீர்களா என்றால் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவர் மனைவி, மாதச் சம்பளக்காரி, எல்லாவற்றையும் தேதியோடு பேசுகிறவள். "பொண்ணு பாக்க வந்தப்போ பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க, பாத்துக்கலாம்னார். இருபது வருஷமா பாத்துக்கிட்டே இருக்கார்" என்று சலவைக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

சில வருஷங்களாக அவருக்குத் தெருவில் வேலை குறைந்து வந்தது. அதிலும் அவருக்குப் பெருமைதான். "ஒரு தடவை நான் கை வெச்சா அப்புறம் அந்த மெஷின் என்னைத் தேடாது" என்பார். நல்லவேளை, அப்போது யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை.

இவருக்கு ஒரே மகள், பாப்பா. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மண் பைத்தியம். ஆற்றங்கரை மண், விளையாட்டு மைதானத்து மண், வீடு கட்ட வெட்டிய குழியின் அடிமண் என்று அப்பா வாங்கிக் கொடுத்த சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்து ஜன்னல் மேடையில் அடுக்கியிருந்தாள். அவற்றைத் துடைக்க நேரும்போதெல்லாம் அம்மா திட்டுவாள், ஆனால் வரிசை மாறாமல் திரும்ப வைப்பாள்.

பள்ளி முடித்ததும் பாப்பா வேறு ஊரிலிருந்த பெரிய கல்லூரிக்கு மண்ணியல் படிக்க விண்ணப்பம் போட்டாள்.

"மண்ணைப் பத்திப் படிக்க மூணு வருஷமா? மண்ணுன்னா மண்ணு. காலுக்குக் கீழ கிடக்கு."

"அதுல ஆயிரம் வகை இருக்குப்பா."

"வாஷிங் மெஷின்லகூடத்தான் ஆயிரம் வகை இருக்கு. எல்லாம் துணியைத்தான் துவைக்குது."

இது வீட்டுக்குள் பேசிய பேச்சு. டீக்கடையில், தன் மகள் மண்ணுக்கு டாக்டராகப் போகிறாள் என்று விண்ணப்பம் போட்ட அன்றே சொல்லி முடித்திருந்தார்.

விண்ணப்பத்தில் ஓரிடத்தில் குடும்ப வருமானம் கேட்டிருந்தார்கள். அம்மா தன் சம்பளத்தைச் சட்டென்று சொன்னாள். அப்பாவிடம் வந்தபோது வண்டி நின்றது. "கூட எழுதினா கூடக் கேப்பான், குறைச்சு எழுதினா மதிக்க மாட்டான். விட்டுடு, பாத்துக்கலாம்" என்றார். அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. கூடவே வழவழப்பான தாளில் ஒரு புத்தகமும் வந்தது. மரங்கள், நூலகம், எதற்கென்று தெரியாமல் சிரிக்கிற மாணவர்கள். கடைசிப் பக்கத்தில் கட்டணம். அந்தத் தொகையை அவர் இடமிருந்து வலமாக ஒரு தடவை படித்தார், வலமிருந்து இடமாக ஒரு தடவை படித்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பயமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, அதன் அளவு மாணவர் சேர்ந்த பின் பரிசீலித்து முடிவு செய்யப்படும் என்று போட்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவன் நம்மாளு" என்றார்.

"யாரு?" என்றாள் மனைவி.

"இதை எழுதினவன். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்கிறான்."

வெள்ளிக்கிழமைக்குள் சேருகிறோம் என்று உறுதி சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போன் போட்டார்கள். மூன்று பேரும் கேட்க வேண்டும் என்று போனை மேஜை நடுவில் வைத்தார்கள். கட்டணப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எங்களுக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்றார் அவர்.

"அது இப்பவே சொல்ல முடியாது சார். ஒவ்வொரு குடும்பத்தையும் பொறுத்தது."

"ஒரு உத்தேசமா?"

"உத்தேசமா சொன்னா தப்பாயிடும் சார். நாளைக்கு நீங்களே வந்து சண்டை போடுவீங்க."

மனைவி மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எப்பதான் தெரியும்?"

"முதல்ல சேரட்டும் சார். அப்புறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் மட்டும் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இத்தனை வருஷமும் அடுத்தவருக்குக் கொடுத்த காய்ச்சல் அன்றைக்குத்தான் அவருக்கு அடித்தது. ஆனால் அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது தப்பான பாடம். "இப்படிப் பேசறவன்கிட்ட மாட்டக் கூடாது. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது" என்றார்.

தெருமுனையில் பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. ஆறு மாத அலுவலகப் பயிற்சி. அதன் கட்டணத்தைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அந்தச் சுவர் எதிரில் நின்று, "பாரு, மனுஷன்னா இப்படி இருக்கணும். நெஞ்சைத் திறந்து வெச்சிருக்கான்" என்று பாப்பாவுக்குக் காட்டினார். தன் நெஞ்சு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் இப்படித்தான் பலர் இருக்கிறார்கள்.

பாப்பா அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார்.

"சரிப்பா" என்றாள்.

தயாரித்த பதில்கள் எல்லாம் வீணாயின. அந்த "சரிப்பா" அவர் தொண்டையில் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை அவர்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியது. பார்க்கப் போனார். கீழ்வீட்டு அக்கா பேக்கரியில் மாவு பிசைகிறவர், பந்து விளையாடும் இரண்டு பையன்களுக்குத் தாய். கூரையைப் பார்த்து முடித்துவிட்டு, தொழில் மரியாதைக்காக அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மெஷின் எப்படி ஓடுதுக்கா?"

"ஓடாது தம்பி, நிக்கும். அதான் வசதி" என்று அக்கா மூடியைத் திறந்தார்.

மெஷின் நிறைய வெங்காயம்.

"காத்தோட்டமா இருக்கு. முளை விடறதில்ல" என்றார் அக்கா.

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துப் பார்த்தார். "எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"போன வருஷத்துலேர்ந்து."

"மேல் வீட்டுலதானே இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே தம்பி. மாடிப்படியில வெச்சுக் கேட்டேன், எவ்வளவு ஆகும்னு. பாத்துக்கலாம்னீங்க. உங்க பாத்துக்கலாம் எம்புட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தொகையைச் சொல்லியிருந்தா, அது அதிகமாவே இருந்தாலும், மாசம் கொஞ்சமா சேத்து வெச்சுக் கொடுத்திருப்பேன். தெரியாத தொகைக்கு எப்படித் தம்பி சேக்கறது? அதான் கையாலயே துவைச்சுக்கிட்டேன்."

"வேற யாராவது..."

"மூணாவது வீட்டு டீச்சர் அவங்க மெஷின்ல செருப்பு அடுக்கி வெச்சிருக்காங்க. எதிர்வீட்டு மெஷின்ல பூனை குட்டி போட்டிருக்கு. தெருவுல எல்லாரும் ஏதோ ஒண்ணு வெச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தான் கை வைத்த மெஷின்கள் எல்லாம் நோய்நொடி இல்லாமல் ஓடுகின்றன என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்? வராதவர்கள் ஏன் வரவில்லை என்று வந்து சொல்லிவிட்டா போகிறார்கள்?

வெங்காயத்தைக் கூடையில் அள்ளிப்போட்டுவிட்டு மெஷினைச் சாய்த்தார். தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் பையனுடைய காலுறை ஒன்று சுருண்டு அடைத்திருந்தது. அக்கா ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பொத்தானை அழுத்தினார், மெஷின் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. இதற்காகத்தான் அந்த அம்மாள் ஒரு வருஷம் பகலில் மாவும் மாலையில் சோப்புமாக நின்றிருந்தார். டீ டம்ளரை நீட்டிய விரல்களில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"எவ்வளவு தம்பி?"

வாய் பழக்கத்தில் "பாத்..." என்று தொடங்கி, பாதியில் நின்றது. "ஒண்ணுமில்லக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார்.

மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டார். மனசு கெட்டுப்போயிற்று. நான் யாரையும் ஏமாற்றவில்லையே, ஒரு காசு கூட வாங்கவில்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்தார். வழக்கு நிற்கவில்லை. காலுறை அளவு அடைப்புக்கு ஒரு வருஷம் பயந்திருக்கிறார் அந்த அம்மாள். நானும் அந்தக் கல்லூரி முன்னால் இப்படித்தானே பயந்து நிற்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குள் பாப்பா ஜன்னல் அருகே உட்கார்ந்து பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த மண்ணெல்லாம் வாசல் பூந்தொட்டிக்குப் போய்விட்டது.

"ஏன் பாப்பா கொட்டிட்டே?"

"இனிமே எதுக்குப்பா? அம்மா மிளகு கிளகு போட்டு வெச்சுக்கட்டும்."

அவர் அவள் எதிரில், மெஷின் முன்னால் உட்காருவது மாதிரியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் காலேஜ் எவ்வளவு கேக்கும்னு தெரியலன்னுதானே சரின்னே?"

அவள் இன்னொரு பாட்டிலை எடுத்துத் துடைத்தாள். "அது தெரியாட்டிகூடப் பரவால்லப்பா. நம்ம வீட்டுல எவ்வளவு முடியும்னு எனக்குத் தெரியலையே. எத்தனையோ தடவை கேட்டேன். ஒரு தடவைகூட நீங்க சொல்லல. நான் பாட்டுக்குப் போய்ச் சேந்து, நடுவுல உங்களால முடியாமப் போச்சுன்னா? சலூன்காரர் ஃப்ரிட்ஜ் மாதிரி ஆயிட மாட்டேனா?"

அவர் எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். "நாளைக்கு நேர்லயே போறோம்" என்றார்.

"எத்தனை மணிக்கு?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"முதல் பஸ்" என்றார். அவள் வந்து அவர் நெற்றியின் மேல் கை வைத்துப் பார்த்தாள், சூட்டில் ஏதாவது உளறுகிறாரோ என்று.

வியாழக்கிழமை அப்பாவும் மகளும் கல்லூரி வாசலில் இறங்கினார்கள். நல்ல சட்டை போட்டிருந்தாலும் பழக்கதோஷத்தில் கருவிப் பை தோளில் தொங்கியது. காவலாளி அதைப் பார்த்துவிட்டு, "ஹாஸ்டல் வாஷிங் மெஷினா? பின் கேட்டு வழியா போங்க" என்றார். இவரும் தலையாட்டிவிட்டு நாலடி நடந்துவிட்டார். பாப்பாதான் கையைப் பிடித்து இழுத்துக் கட்டணப் பிரிவுக்குக் கொண்டுபோனாள்.

அறையில் வரிசையாகப் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு நிற்கும் ஃபேன், கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் அடிபட்ட நாய் மாதிரி கத்தியது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பேசியதும், போனில் கேட்ட குரல் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

"நானும் உங்க தொழில்தாம்மா" என்றார் அவர்.

"நீங்களும் கல்லூரியிலயா சார்?"

"இல்ல. நானும் முன்கூட்டி விலை சொல்றதில்ல."

அவள் குழம்பிப்போய் பாப்பாவின் விண்ணப்பத்தைத் திரையில் திறந்தாள். "உங்க வருமானம் போடவே இல்லையே சார். காலியா இருந்தா நாங்க எதை வெச்சுச் சொல்றது? மாசம் எவ்வளவு வரும்?"

"மாசத்துக்கு மாசம் மாறும்மா."

"ஒரு உத்தேசமா?"

உத்தேசமாகச் சொன்னால் தப்பாகிவிடும் என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால், அவளும் அதையே எதிர்பார்ப்பது போலிருந்தது. இவர் சொல்லாமல் அவள் சொல்ல முடியாது, அவள் சொல்லாமல் இவர் சேர்க்க மாட்டார். பூனைக்கு மணி கட்டுகிற ஆள் யாரென்று தெரியாமல் இரண்டு எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

பாப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு தொகையைச் சொன்னார்.

"ஃபேன் சத்தத்துல கேக்கல சார், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க."

உரக்கச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. அந்தத் தொகையை இங்கே எழுத வேண்டாம், அவர் அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டப்பட்டார். பெற்ற மகளிடம், கட்டின மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. இத்தனை வருஷமும் அவர் மறைத்தது தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை. தொகை சின்னது, அவ்வளவுதான் சங்கதி. சொல்லாத வரைக்கும் அது கொஞ்சம் பெரியதாக இருந்தது.

அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். அம்மாவின் சம்பளத்தையும் சேர்த்தாள். "இந்த வருமானத்துக்குப் படிப்புக் கட்டணமே வராது சார். தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் கட்டணும்" என்று ஒரு தொகை சொன்னாள். அது அவர் ராத்திரியெல்லாம் பயந்த பூதத்தின் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"இது எப்பலேர்ந்தும்மா?"

"எப்பவுமே இப்படித்தான் சார். இந்த மாதிரி குடும்பத்துக்கு வேற மாதிரி ஆகி நான் பாத்ததே இல்ல."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை சொல்லி, அது மாறிப்போச்சுன்னா என் தலையிலதான் சார் விடியும்."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம், வரவில்லை. இந்தப் பெண்ணுக்கும் எங்கேயோ ஒரு சலூன்காரர் ஃப்ரிட்ஜ் இருந்திருக்கிறது என்று நினைத்தார். "பயந்துக்கிட்டு வராம நின்னவங்க நிறையப் பேர் இருப்பாங்களே?"

"அவங்க யாரும் போன் பண்ணிச் சொல்றதில்லையே சார். படிக்க விருப்பமில்லன்னு நினைச்சுக்குவோம்."

"நானும் மெஷினெல்லாம் நல்லா ஓடுதுன்னுதாம்மா நினைச்சேன்" என்றார். அவளுக்கு மறுபடியும் புரியவில்லை. "சரி, எவ்வளவு ஆகும்னு நான் கேக்கல. இதுக்கு மேல ஒரு காசு ஆகாதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மூணு வருஷத்துக்கும்."

அப்படி எழுதிக்கொடுக்கும் வழக்கம் இல்லை என்று அவள் உள் அறையில் இருந்த மேலதிகாரியிடம் போனாள். திரும்பி வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "பாக்கலாம்னு சொல்றார்."

"அவர் பாக்கட்டும் மேடம். நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்" என்றாள் பாப்பா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

உட்கார்ந்தார்கள். மகளுக்கு முடிந்தது, அப்பாவுக்கு முடியவில்லை. ஃபேன் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அவருக்குப் பல் கூசியது. எவ்வளவு நேரம்தான் ஒரு மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்? எழுந்தார், நிறுத்தினார், கழுத்தைக் கழற்றினார், எண்ணெய்க் குப்பியை எடுத்தார். திரும்பப் போட்டபோது ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை.

உள் அறைக் கதவு திறந்தது. "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே மேலதிகாரி வெளியே வந்தார். அந்தச் சத்தத்திலேயே வேலை பார்த்துப் பழகியவர், சத்தம் நின்றதும் பயந்துவிட்டார். நடந்ததைச் சொன்னார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம், ஃபேனைச் சுற்றி வந்து பார்த்தார். "அடடா, எவ்வளவு சார் தரணும்?" என்றார்.

வழக்கம்போல மெக்கானிக்கின் கண் கூரைக்குப் போனது. திருப்புளியைத் துடைக்கக் கை போனது. பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்வையை எடுக்கவில்லை.

"நாலு சொட்டு எண்ணெய்" என்றார் அவர். "ஒரு டீ விலை. அதுக்கு மேல ஒரு காசு வேண்டாம். மறுபடி கத்துச்சுன்னா அது என் பாடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பாப்பா எழுந்து நின்றாள். "எங்கப்பா சொல்லிட்டாங்க சார். இப்ப நீங்க சொல்லுங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "எங்களுக்கும் அதே மாதிரி எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார். மேலதிகாரி ஃபேனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தன் பேனாவைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கும் இதற்கு மேல் ஆகாது, மீறி ஆனால் அதைக் கல்லூரியே ஏற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் நெற்றியில் வேர்த்ததை, மெக்கானிக் ஒருவர்தான் புரிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பாப்பா அவர் பையிலிருந்து திருகாணி டப்பாவை எடுத்து, திருகாணிகளை அவர் சட்டைப் பையில் கொட்டிவிட்டு, மரத்தடி மண்ணை அள்ளி நிரப்பினாள். காவலாளி பார்த்துவிட்டார். "என்னம்மா பண்றே?" என்றார்.

"படிக்கப் போறேண்ணா."

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீங்க உள்ள சொன்னது... நிஜமாவே அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாப்பா." சொல்லிவிட்டு அவர் வெளியே எதையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அதுலயாப்பா எனக்கு அத்தனை பாட்டில் வாங்கிக் குடுத்தீங்க?" என்று அவள் அவர் தோளில் சாய்ந்தாள். அவருடைய சட்டைப் பைத் திருகாணிகள் அவள் கன்னத்தில் குத்தின, ஆனாலும் அவள் தலையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கியது. எந்த மெஷினானாலும் இதற்கு மேல் ஆகாது என்று ஒரு தொகை. அதை எழுத அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மெஷினையே புதிதாகச் செய்திருக்கலாம். கீழ்வீட்டு அக்கா நின்று படித்துவிட்டு, "இவ்வளவுதானா தம்பி? இதுக்கா தெருவே துவைச்சுச் செத்தோம்?" என்றார். டீச்சர் செருப்புகளை எடுத்துவிட்டு ஆள் அனுப்பினார். எதிர்வீட்டில் பூனையை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு மெஷின்களில் அவருக்குக் கைநஷ்டம் ஏற்பட்டது. மற்றவற்றில் அது ஈடாகிவிட்டது. தெருவில் பெயர் மட்டும் மாறவில்லை, ஒட்டின பெயர் அவ்வளவு சுலபத்தில் போகாது.

பாப்பா ஹாஸ்டலுக்குப் போய்ச் சில நாட்கள் கழித்துப் போன் செய்தாள். மேஜை நடுவில் வைத்துக் கேட்டார்கள். வகுப்பைப் பற்றிச் சொன்னாள், அறைத் தோழி குறட்டை விடுவதைச் சொன்னாள், மைதானத்துக்கு அடியில் களிமண் இருப்பதைச் சொன்னாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா, என்னைப் பாக்க எப்ப வருவீங்க?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். ஜன்னல் மேடையில் திருகாணி டப்பா இருந்தது.

"ஞாயித்துக்கிழமை. முதல் பஸ்" என்றார்.